சிலேட்டில் கடைசி வரி

“இருநூத்திப் பதினாறு நாள், மாமி. நானும் அவரும் ஒரே வீட்லதான் இருக்கோம். ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லை. ஆனா ஒரு நாள் பால் பொங்கி வழிஞ்சதில்லை. ஒரு நாள் தங்கம் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போனதில்லை. இந்த மயிலாப்பூர்லயே எங்க வீடு மாதிரி சுத்தமா ஓடற குடித்தனம் வேற கிடையாது” என்றாள் சீதா.

பங்கஜம் மாமி அடித்துக்கொண்டிருந்த அடிபம்பின் கைப்பிடி ஆகாயத்துக்கும் பூமிக்கும் நடுவில் அப்படியே நின்றது. நாலு குடம் ரொம்புவதற்கு நானூறு தடவை அடிக்கவேண்டிய பஞ்சகாலம் அது. வந்த தண்ணீரும் பயந்துகொண்டு திரும்பக் கீழே போய்விட்டது.

ஆறு குடித்தனம் இருக்கிற அந்த ஸ்டோருக்கு மாமிதான் சொந்தக்காரி. அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பல்லி முட்டை இட்டதில்லை. மூன்றாவது போர்ஷனில் வத்தக்குழம்பு தாளித்தால், அதில் எத்தனை மிளகாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், ‘கோயம்புத்தூர் சமாசாரத்தை ஆத்துக்காரர்கிட்ட சொல்லிட்டியோ?’ என்று சும்மா ஒரு கேள்வி கேட்கப்போய், இப்படி ஒரு பதில் வந்து விழுந்தது.

“கதை அளக்காதேடி. புருஷன் பொண்டாட்டி ஒரு நாள் பேசாம இருப்பா, ரெண்டு நாள் இருப்பா. மூணாம் நாள் சீயக்காய் எங்கேன்னு கேட்டுத்தானே ஆகணும்? எங்காத்து மாமா கல்யாணம் ஆன நாளா என்கிட்ட கோவிச்சுண்டு பேசாம இருந்தது மொத்தம் ஒண்ணரை மணி நேரம். அதுலயும் முக்காவாசி தூங்கிண்டிருந்தார்.”

“சீயக்காய் எங்கேன்னு எழுதிடுவோம் மாமி.”

“எழுதறதா? எதுல?”

“சிலேட்ல.”

மாமி சீதாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உனக்கு லீவு. உன் ஆத்துக்காரன் தங்கவேலு மூணரைக்கு வந்துடுவான். நான் உங்காத்துல வந்து உட்கார்ந்துக்கறேன். ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி ஒரு மணி நேரம் பேசாம இருந்துடுங்கோ. என் ப்ளூ ஜாகர் வைரத் தோட்டைக் கழட்டி உன் காதுல போட்டுட்டுப் போறேன்.”

சீதா சிரிக்கவில்லை. இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு கடைசி போர்ஷனுக்குப் போய்விட்டாள்.

போன வாரம் சீதாவின் கைப்பையில் இரண்டு காகிதங்கள் சேர்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்று, டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரான அவளைக் கோயம்புத்தூருக்கு சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்ற ஆர்டர். இன்னொன்று, ‘குடும்ப சூழ்நிலை காரணமாக எனக்கு விருப்பமில்லை’ என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்ட பதில். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் மேலதிகாரியின் மேஜைக்குப் போயாகவேண்டும். போகாவிட்டால், போவதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

விருப்பமில்லை என்று அவள் எழுதியது எந்தத் தைரியத்தில்? அதைச் சொல்ல வேண்டுமானால் போன ஐப்பசி மழைக்குப் போகவேண்டும்.

அப்போது இருவருக்கும் வாராவாரம் டூட்டி மாறும். தங்கவேல் பஸ் கண்டக்டர். மூன்றாம் வகுப்புப் படிக்கிற தங்கத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதற்கு அவர்கள் அந்த மாதம்தான் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்திருந்தார்கள். ஒற்றைப்படைத் தேதி என்றால் சீதா, இரட்டைப்படை என்றால் தங்கவேல். இதைவிட அழகான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியாத பெருமை. ஆனால் அக்டோபருக்கு முப்பத்தொரு நாள். முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, அடுத்த நாளான ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை.

‘நேற்று நான் போனேன், இன்றைக்கு அவர் முறை’ என்று சீதா எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். ‘தேதி ஒண்ணு, சீதா முறை’ என்று தங்கவேல் பஸ்ஸில் இருந்தான். தங்கம் பள்ளிக்கூட வாசலில், வானமே ஓட்டை விழுந்த மாதிரிக் கொட்டிய மழையில், மூன்றரையிலிருந்து ஆறரை வரை நின்றாள். வாட்ச்மேன் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. உள்ளே போனால் அம்மாவோ அப்பாவோ வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று பயம். அப்புறம் நுரையீரலில் சளி, பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

“உன் முறைதானே?” என்றான் அவன். “உங்க முறை!” என்றாள் அவள். கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. குழந்தை வீட்டுக்கு வந்த அன்று சமையலறை ஆணியில் சிலேட்டு ஏறியது.

சீதா சொல்லிச் சொல்லி நிரந்தரமாக மாலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டாள். அவன் காலை முதல் வண்டி. அவள் ராத்திரி ஒன்பதரைக்கு வரும்போது அவன் தூங்கியிருப்பான். அவன் விடியற்காலை நாலு மணிக்குப் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். பன்னிரண்டரைக்குப் புறப்படுகையில் அவள் எழுதுவாள். மூன்றே முக்காலுக்குத் தங்கத்தோடு வந்து அவன் படிப்பான், அழிப்பான். எட்டு மணிக்கு அவன் எழுதிவிட்டுப் படுப்பான்; வந்து அவள் படிப்பாள், அழிப்பாள். எழுதியவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, படித்தவர் அழிக்கவேண்டும் என்று யாரும் போடாத சட்டம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில்கூட இரண்டரைக்கே எழுதி வைத்துவிட்டு, கபாலி கோயில் குளத்துப் படியில் போய் எட்டரை மணி வரை உட்கார்ந்திருப்பாள். அந்தக் குளத்து மீன்களுக்கெல்லாம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

ஒரு நாளைக்கு நாலாயிரம் பேரின் பேச்சை ஊர் விட்டு ஊர் கோத்துவிடுகிறவள் அவள். பாரிமுனைக்கும் அடையாறுக்கும் கேட்கிற மாதிரி ‘ரைட், போலாம்!’ என்று கத்துகிறவன் அவன். வீட்டில் பேசியது சிலேட்டு மட்டும்தான்.

‘தங்கம் ரெண்டு தோசை. இருமல் மருந்து ஒரு ஸ்பூன். கெரசின் தீர்ந்தது.’ பஸ் குலுங்கக் குலுங்க டிக்கெட் எழுதிப் பழகிய கோணல் எழுத்து. ஆனால் அதற்கெல்லாம் கீழே, ஓரத்தில், தினமும் இன்னொரு வரி இருக்கும்.

‘நீ சாப்பிட்டியா?’

மற்ற வரிகளைத் துணியால் துடைப்பாள் சீதா. அந்த வரியை மட்டும் உள்ளங்கையால் அழிப்பாள். பதில் எழுதியதில்லை. முதலில் அவர் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று வீம்பு. ஆனால் அந்த ஒற்றை வரியைத் தின்றுதான் அவள் இத்தனை நாள் உயிரோடு இருந்தாள். கோயம்புத்தூர் வேண்டாம் என்று எழுத வைத்ததும் அந்த வரிதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த வரி இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

நங்கநல்லூரில் சீதாவின் தங்கை ஜெயலக்ஷ்மி வீட்டில் காது குத்தல். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தங்கத்தை நேரே அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். தங்கத்துக்கும் சேர்த்துக் குத்திவிட்டார்கள். குழந்தை வீட்டில் இல்லாத இரண்டு நாளும், ‘பால் காய்ச்சியாச்சு’ என்பதோடு சிலேட்டு வாயை மூடிக்கொண்டது.

கோயம்புத்தூர் சேதி அவர் காதுக்கு எட்டிவிட்டதோ? தொலையட்டும் என்று விட்டுவிட்டாரோ? மாமியிடம் அத்தனை பெரிய பீற்றல் பீற்றியதே, இரண்டு நாளாக இருந்த அந்தப் பயத்தை மூடத்தான்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜெயலக்ஷ்மி தங்கத்தை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. மஞ்சளும் எண்ணெயும் மினுமினுத்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தை நேரே சமையலறைக்கு ஓடி, சிலேட்டை அண்ணாந்து பார்த்தது.

“அப்பா நேத்து எழுதலியாம்மா?”

“எழுதினாரே. பால் காய்ச்சினேன்னு.”

“அவ்ளோதானா?”

“வேற என்ன எழுதணும்?”

தங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் வைக்கிற டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள்.

சீதாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை. நாலாயிரம் குரலில் ஒரு குரல் நடுங்கினால் கண்டுபிடித்துவிடுகிற காது அவளுடையது.

இரண்டரைக்கு எழுதினாள். ‘சாதம் வடிச்சாச்சு. தங்கத்தின் காதைத் தொடவிடாதீங்க.’ அவ்வளவுதான். எப்போதும் போலக் கைப்பையை மாட்டிக்கொண்டாள். “அம்மா குளத்துக்குப் போய்ட்டு வரேன் கண்ணு” என்றாள். கோயில் பக்கம் திரும்பாமல், ஸ்டோரின் நடையைச் சுற்றிவந்து, கொல்லைப்புறத்துச் சன்னல் ஓரம் நின்றாள்.

உள்ளே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தங்கம் முக்காலி மேல் ஏறி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்து எழுத்தாக, பூ கட்டுகிற மாதிரி. இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள். ஒரு சுழியைச் சுண்டுவிரலால் திருத்தினாள்.

சீதா உள்ளே வந்தபோது குழந்தை அடுப்பு மேடையோடு ஒட்டிக்கொண்டது.

அவளுடைய இரண்டு வரிகளுக்குக் கீழே, அவளுடைய கையெழுத்திலேயே, அவள் போடுகிற அதே பெரிய சுழியோடு இருந்தது:

‘நீங்க சாப்பிட்டீங்களா?’

அவள் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

“எத்தனை நாளா, தங்கம்?”

தங்கம் பாவாடையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

“எனக்கும் நீதானா? அப்பா எழுத்து மாதிரி?”

தங்கம் தலையை ஆட்டினாள். ஆட்டினதில் காது வலித்திருக்கவேண்டும், முகம் சுளித்தாள். “உனக்கு, அப்பா தூங்கினப்புறம். அப்பாவுக்கு, ஸ்கூல்லேருந்து வந்து அவர் முகம் கழுவுறப்போ” என்றாள்.

சீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாந்தோம் கடற்கரையில் அலை மொத்தமும் ஒரே நேரத்தில் பின்வாங்கி, ஈரமணல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இருநூறு ராத்திரிக்கு மேல் உள்ளங்கையால் துடைத்தாளே, அது அவன் அல்ல. அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. தோசை, மருந்து, கெரசின். அவ்வளவுதான் அவன்.

“அம்மா, அழிச்சுடாதம்மா. அப்பா வந்து பாப்பாரு. ரெண்டு நாளா இல்ல, பாவம்” என்றாள் தங்கம்.

அந்த நேரம் பார்த்து மாமி வந்து சேர்ந்தாள். முக்காலியை எடுத்து நடுவீட்டில் போட்டு, கோர்ட்டில் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தாள். “ஏண்டி, முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்சாப்பல இருக்கு? தோடு போயிடும்னு நான்தான் பயப்படணும்.”

“காபி போடறேன் மாமி” என்று எழுந்தாள் சீதா. பாலை ஸ்டவ்வில் வைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

மூன்றரைக்குத் தங்கவேல் வந்தான். உடம்பு முழுக்க மாநகரத்துப் புழுதி. காக்கிச் சட்டையின் முதுகில் வேர்வை தேசப்படம் வரைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்தில் சீதா வீட்டில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் வாசலிலேயே தயங்கினான். கண்ணை எடுத்துக் குழந்தையிடம் வைத்தான்.

“இன்னா கண்ணு, காது எரிதா? இன்னாத்துக்கு மாமி நீங்க வந்துகினு கீறீங்க? வாடகைகூட அஞ்சாந் தேதியே குடுத்தாச்சே!”

“சும்மாதான்டாப்பா. நீ உன் வேலையைப் பாரு.”

அவன் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, ஈரக்கையோடு நேரே சிலேட்டுக்குப் போனான். படித்தான். மேல் இரண்டு வரியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். மூன்றாவது வரிக்கு வந்ததும் துண்டு நின்றது. இரண்டு நாள் தாடி மண்டிய அந்த முகத்தில், விளக்கு ஏற்றின மாதிரி ஏதோ ஒன்று நடந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை அந்த வரி மேல் வைத்தான்.

“சாப்டேன்” என்றான், மிகவும் மெதுவாக.

மாமி துள்ளி எழுந்தாள். “பேசிட்டான்! சீதா, பேசிட்டான்டி! என் தோடு பிழைச்சுது!”

“நான் சிலேட்டாண்ட பேசினேன் மாமி” என்றான் தங்கவேல், சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு. “அதுகூடப் பேசக்கூடாதா இன்னா?”

சீதா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த உள்ளங்கையைப் பார்த்தாள். அவனும் அதையே தின்றுதான் உயிரோடு இருந்திருக்கிறான். அதுவும் அவள் போட்ட சோறு அல்ல. சும்மா இருந்துவிடலாம். இன்னும் இருநூறு நாள், இரண்டாயிரம் நாள், குழந்தை முக்காலி ஏறி எழுதி எழுதி இரண்டு பேருக்கும் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

எட்டு வயதுக் குழந்தை.

அவள் சாக்பீஸை எடுத்தாள். அவன் தள்ளி நின்றான். அவள் எழுதினாள்:

‘அதை நான் எழுதலை.’

தங்கவேல் படித்தான். இன்னொரு தடவை படித்தான். திரும்பித் தங்கத்தைப் பார்த்தான். குழந்தை பாவாடையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு நின்றது. அவன் முகத்தில் ஏற்றிய விளக்கு அணைவதைச் சீதா பார்த்தாள். அவள்தான் ஊதினாள்.

அப்போதுதான் அவனுக்கு இன்னொன்றும் உறைத்திருக்கவேண்டும். தன் எழுத்திலும் ஒரு வரி சீதாவுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது, அதனால்தான் அவள் கண் அப்படி இருக்கிறது என்று. சாக்பீஸை அவள் கையிலிருந்து வாங்கினான். விரல் படாமல் வாங்கினான். ஒரே ஒரு சொல் எழுதினான்.

‘நானும்.’

தங்கத்துக்கு அழுகை வெடித்தது. “நான்தான் எழுதினேன். நீங்க ரெண்டு பேரும் எழுத மறந்து மறந்து போறீங்கன்னு... நான் வேணும்னு பொய் எழுதலப்பா. நீங்க எழுதியிருப்பீங்கன்னுதான் எழுதினேன்.”

அவன் குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். சீதாவின் கையும் நீண்டது. குழந்தையின் முதுகு வரைக்கும் வந்த கை, அங்கே அவன் கை இருந்ததால் திரும்பிவிட்டது.

“யாராவது வாயைத் திறங்கோளேன்!” என்றாள் மாமி. அவள் குரலில் பந்தயம் போய்விட்டிருந்தது. “தங்கவேலு, ‘ஏ சீதா’ன்னு ஒரு தடவை கூப்பிடேன்டா. சீதா, நீயாவது. தோட்டைத் தோத்தவளா நானே இருந்துட்டுப் போறேன், தப்பில்லை. திட்டவாவது திட்டிக்கோங்கோ!”

சீதா வாயைத் திறந்தாள். டெல்லி, கல்கத்தா, பம்பாய், எந்த லைனையும் அரை நிமிஷத்தில் பிடித்துவிடுகிற அவளுக்கு, மூன்றடி தூரத்துக்கு லைன் கிடைக்கவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? ‘சாப்பிட்டீங்களா’ என்பது ஒன்றுதான் இருந்தது. அதையும் இனிமேல் கேட்க முடியாது.

அவனும் ஏதோ சொல்லப்போனான். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஸ்டவ்வில் பால் பொங்கியது. பொங்கி, விளிம்பைத் தாண்டி, மேடையில் வழிந்து, தரைக்குச் சொட்டியது. மூன்று பெரியவர்கள் அங்கே நின்றார்கள், ஒருவருக்கும் அதை இறக்கவேண்டும் என்று தோன்றவில்லை. தீய்ந்த வாடை ஆறு போர்ஷனுக்கும் போயிற்று.

“நாளைக்கு என்னை யாரு ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வருவாங்க?” என்று அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள் தங்கம்.

அவன் சீதாவைப் பார்த்தான். சீதா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் குழந்தையோடு வாசல் பக்கம் போய்விட்டான்.

சீதா ஸ்டவ்வை அணைத்தாள். துடைக்கிற துணி ஆணியில்தான் தொங்கியது. அவள் கை அங்கே போகவில்லை, கைப்பைக்குள் போயிற்று. ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, மேடையில் வழிந்த பாலைத் துடைத்தாள். மசி ஊறி, பால் நீலமாயிற்று. ஒவ்வொரு சொட்டாகத் துடைத்து முடித்துக் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். கைப்பையில் மிச்சம் இருந்தது கோயம்புத்தூர் ஆர்டர் மட்டும்தான்.

மாமி முக்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுப் புறப்பட்டாள். அந்த ஸ்டோரில் நாற்பது வருஷமாக அவள் காலடி கேட்டால் எலிகள் வழிவிடும். இன்றைக்குச் சத்தமே இல்லாமல் நடந்தாள். நடந்தபடியே வலது காதுத் தோட்டின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். கழற்றவும் மனம் வரவில்லை, கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

நடையில் இரண்டாவது போர்ஷன் சுப்பம்மா காத்திருந்தாள். “இன்னா மாமி, பால் தீஞ்ச வாடை? உள்ள ஒரே கூச்சலா இருந்திச்சே, சண்டையா?”

“சண்டை போட்டிருந்தா தேவலையே” என்றாள் மாமி. “கூச்சல் என்னோடது. காலம்பற அந்தப் பொண்ணு சொன்னப்போ நான் நம்பலைடி. கதை அளக்கறேன்னேன். கதை இல்லை. என் ரெண்டு கண்ணால பார்த்துட்டு வரேன். பேசலை. ஒரு வார்த்தை பேசலை.”